முதல் ஆட்டோகிராஸ்: திங்கட்கிழமையும் ஓட வேண்டிய கார்

ஞாயிறு காலை போட்டி. திங்கள் காலை ஆறரை மணிக்கு அதே கார் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். புதன்கிழமை பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 9 ஆண்டுத் தவணையில் இன்னும் 4 ஆண்டு பாக்கி இருக்கிறது. காரோ அம்மாவின் பெயரில். மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் முதன்முறையாக ஆட்டோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கார்ப் பந்தயம் என்றதும் செப்பாங்கும் கோடிக்கணக்கான வெள்ளியும்தான் நம்மவர் நினைவுக்கு வரும். ஆட்டோகிராஸ் அந்த வகை அல்ல. பெரிய தார்த் தளம் ஒன்றில், பெரும்பாலும் அரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில், ஆரஞ்சு நிறக் கூம்புகளை நிறுத்தி வளைந்து நெளிந்த தடம் ஒன்றை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே ஓடும். பக்கத்தில் முந்திச் செல்ல யாரும் இல்லை, எதிராளி கடிகாரம்தான். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டுவது குறைவு. நெடுஞ்சாலையில் எல்லாரும் போகும் வேகத்தைவிட அது குறைவுதான். ஆனால் அந்த வேகத்தில் கூம்புகளுக்கு நடுவே இடமும் வலமுமாகத் திரும்பிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், தன் காரைப் பற்றித் தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்று.

பெயரில் கொஞ்சம் குழப்பம் உண்டு. இங்கே 'ஆட்டோகானா', 'ஜிம்கானா' என்ற பெயர்களிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த போட்டிகள் நடக்கின்றன. ஜிம்கானாவில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காரைச் சுழற்றும் வித்தைகள் கூடுதலாக இருக்கும். டயருக்கும் கியர்பெட்டிக்கும் அது கடுமையான வேலை. ஐரோப்பாவில் ஆட்டோகிராஸ் என்றால் மண் தரையில் பல கார்கள் ஒன்றாக ஓடும் பந்தயம். அனைத்துலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ, கூம்புத் தடப் போட்டியை 'ஆட்டோ ஸ்லாலோம்' என்று அழைக்கிறது. முதன்முறை வருபவர் பெயரைப் பார்த்து ஏமாறாமல், தடம் எப்படி இருக்கும் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

சாலையில் நடப்பது என்ன?

இந்த நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் சாலை விபத்துகளில் மாண்டுபோவோரின் எண்ணிக்கை வழக்கமாக 6,000ஐத் தாண்டுகிறது. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில்தான் அது 5,000க்குக் கீழே இறங்கியது. இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளோட்டிகள். கார்களின் பங்கு அதற்கடுத்துதான் என்றாலும், தமிழ்ப் பத்திரிகைகளின் இரங்கல் பக்கத்தைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு இருபதுகளில் சிரிக்கும் முகங்களின் படங்கள் புதிதல்ல.

நள்ளிரவுக்குப் பிறகு காலியான தொழிற்பேட்டைச் சாலைகளிலும் சுங்கச்சாவடிக்கு அப்பாலும் சில இளைஞர்கள் 'இழுத்துப் பார்ப்பது' ஊரறிந்த ரகசியம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81ஆவது பிரிவு, அனுமதியின்றிச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதையும் அதில் பங்கெடுப்பதையும் தடை செய்கிறது. அபாயகரமாக வாகனம் ஓட்டுவதற்கு 42ஆவது பிரிவு இருக்கிறது. அது சிறைவரை கொண்டுபோகும். போலீஸ் சாலைத் தடுப்பு போடுகிறது, சம்மன் கொடுக்கிறது, காரை இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த வாரம் கூட்டம் வேறு சாலைக்கு மாறிவிடுகிறது.

இவர்களுக்கு அறிவுரை சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கே போய் ஓட்டலாம் என்று சொல்பவர்கள்தான் குறைவு. அடிக்கடி சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு: ஓர் இளைஞர் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸில் ஓட்டினால், மழைச் சாலையில் கார் வழுக்கும்போது என்ன செய்வது என்பதை இருநூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணத்தில் கற்பதைவிடக் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார். காரணம், அங்கே வழுக்கினால் விழுவது ஒரு கூம்புதான்.

தோட்டத்துப் பாதையும் அரங்கத்து நிறுத்துமிடமும்

மோட்டார் விளையாட்டு நமக்கு அந்நியமானது என்று சொல்வது முழு உண்மையல்ல. ஆசிய பசிபிக் ரேலியின் மலேசியச் சுற்று பல ஆண்டுகள் ஜொகூரின் செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளில்தான் நடந்தது. லாரியும் டிராக்டரும் ஓடும் அந்தச் செம்மண்ணில்தான் உலகத் தர ரேலி கார்கள் பறந்தன. கரம்ஜிட் சிங், 2002ஆம் ஆண்டு புரோட்டோன் காரில் உற்பத்தி வகைக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். மலேசிய இந்தியர் ஒருவர், மலேசியக் காரில். இன்றைய பள்ளி மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தடங்களின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. ஷா ஆலமின் பத்து தீகா பந்தயத் தடம் ஒரு காலத்தில் இந்நாட்டு மோட்டார் விளையாட்டின் மையமாக இருந்தது. இன்று அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி நிற்கிறது. 1999இல் செப்பாங் தடம் வந்தது. 2017வரை ஃபார்முலா 1 பந்தயமும் அங்கே நடந்தது. செப்பாங் உலகத் தரமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோல சிலாங்கூர் தோட்டமொன்றில் வசிக்கும் பையனுக்கு அது எட்டாத உயரம்.

மோட்டார் சைக்கிளுக்கு இந்த இடைவெளியை நிரப்பியது கப் பிரிக்ஸ். 1994இல் தொடங்கிய அந்தப் போட்டி, பெரிய தடத்துக்கு ஆள்களை வரச் சொல்லிக் காத்திருக்கவில்லை. சிறு பட்டணங்களுக்கே போய், அரங்கத்து நிறுத்துமிடங்களில் தற்காலிகத் தடம் அமைத்தது. மோட்டோஜிபிவரை சென்ற மலேசியர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். கார் ஓட்டும் இளைஞருக்கு அப்படிப்பட்ட முதல் படி ஆட்டோகிராஸ்தான். அந்தப் படியில் ஏற பந்தயக் கார் தேவையில்லை. வீட்டு வாசலில் நிற்கும் மைவியே போதும்.

ரிம்மில் போட்ட பணம்

இங்கேதான் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இளைஞர்கள் காருக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. 17 அங்குல ரிம், தரையைத் தொடும் உயரம், இடிபோல் முழங்கும் புகைக்குழாய், பின்பெட்டி நிறைய ஒலிபெருக்கி என்று பட்டியல் நீளும். ஆனால் பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. பிரேக் எண்ணெய் தனியாக மாற்ற வேண்டிய ஒன்று என்பதே சிலருக்குப் புதுச் செய்தி.

முதல் ஆட்டோகிராஸுக்கான ஆயத்தத்தில் இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் இடமில்லை என்பதுதான் வேடிக்கை. பெரிய ரிம் கனமாக இருந்தால் கார் திரும்பவும் நிற்கவும் மந்தமாகும். மலிவான ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார், வளைவில் ஆதாரம் இழந்து டயர் உராயும். போதாக்குறைக்கு ஜேபிஜேயின் சம்மனையும் வாங்கித் தரும். ஒலிபெருக்கிப் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருபவர், ஒரு காசு செலவில்லாமல் காரின் எடையைக் குறைத்துவிடுகிறார். போட்டிக்குத் தேவைப்படுவது மாற்றியமைக்கப்பட்ட கார் அல்ல. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கார்.

முதல் வேலை பிரேக். சாதாரணக் கார்களில் பயன்படும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். மிதித்த மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. மலேசியாவின் ஈரமான வானிலையில் 2 ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுவது பந்தயத்துக்காக மட்டுமல்ல, கேமரன்மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்குவதற்கும் தேவை. பட்டறையில் அதே நேரத்தில் பிரேக் பேட்டின் கனத்தையும் பார்க்கச் சொல்லலாம். பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் போட்டிக்கு முன்பே மாற்றிவிடுவது உத்தமம்.

அடுத்து டயர். புது டயர் வாங்க ஓட வேண்டாம். இருக்கும் டயரின் வரிப்பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் அந்த விளிம்பில் இருக்கும் டயரோடு போட்டிக்கு வருவது வீண் துணிச்சல். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது என்று பொருள். பள்ளம் நன்றாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர்கள் பாதிவிலைக் கடைகளில் நிறைய விற்கின்றன. அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் அந்த டயரோடு பரிசோதனையைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது.

காற்றழுத்தம் தனிக் கலை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் தயாரிப்பாளர் சொல்லும் அளவு இருக்கும். எண்ணெய் நிலையத்துக் கருவி கிலோபாஸ்கலில் காட்டும், கடையில் வாங்கும் கைக்கருவி பிஎஸ்ஐயில் காட்டும். ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். மைவி, சாகா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் வளைவின் சுமை முழுவதும் முன் டயர்களின் தலையில்தான் விழுகிறது. அதனால் முன்பக்கத்தில் 4 பிஎஸ்ஐ அளவுக்குக் கூட்டித் தொடங்குவது பரவலான பழக்கம். சரியா, தவறா என்று சொல்ல ஒரு சாக்குக்கட்டி போதும். டயரின் மேல்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் குறுக்கே கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து பார்க்க வேண்டும். கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. விளிம்புக்கு முன்பே நின்றிருந்தால் காற்று கூடுதல். விஞ்ஞானக் கூடமே தேவையில்லை.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். காலால் மிதித்து இறுக்குவதும், பட்டறையின் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடிப்பதும் அளவு அல்ல. சொந்தமாகக் கருவி இல்லாதவர் தெரிந்த பட்டறையில் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து கொடுப்பார்கள்; நம்மவர் பட்டறை இல்லாத பட்டணம் எது? பேட்டரி ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறதா, எங்காவது எண்ணெய் கசிகிறதா, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தளர்வு தெரிகிறதா, இருக்கைப் பட்டை சரியாகப் பூட்டுகிறதா. போட்டி நாளன்று பரிசோதகர் பார்ப்பதும் இவற்றைத்தான்.

டேஷ்போர்டு பிள்ளையார்

பரிசோதகர் கேட்கும் இன்னொன்று, காருக்குள் கழன்று விழக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது. கேட்கச் சுலபம். வீட்டுக் காரைக் காலி செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும் அது எத்தனை பெரிய வேலை என்று. தரை விரிப்பு, தண்ணீர்ப் புட்டி, குடை, டச் என் கோ கார்டு, தம்பியின் காலணி, இருக்கைக்கு அடியில் மூன்று மாதமாக உருளும் தைலப் புட்டி. விரிப்பு நழுவி பிரேக் மிதிக்கு அடியில் போனால் விளைவு விளையாட்டல்ல. பின்பெட்டியிலுள்ள உதிரிச் சக்கரத்தையும் ஜேக்கையும் வெளியே எடுத்து வைக்கலாம்.

டேஷ்போர்டில் இரட்டை ஒட்டுநாடாவில் அமர்ந்திருக்கும் பிள்ளையார் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. வெயிலில் காய்ந்த ஒட்டுநாடா ஒரு கடுமையான வளைவில் கழன்றுவிட்டால், உலோகச் சிலை முகத்தை நோக்கி வரும். முந்தின நாளே பக்தியோடு எடுத்து, துணியில் சுற்றி, வீட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டு வருவதுதான் முறை. விபூதிச் சிமிழுக்கும் கண்ணாடியில் தொங்கும் மாலைக்கும் இதே விதி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுவதை எந்த விதிமுறைப் புத்தகமும் தடுக்கவில்லை.

எரிபொருள் பாதித் தொட்டி போதும். 40 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 30 கிலோ. ஆனால் ஊசி சிவப்பைத் தொடும் அளவுக்குக் குறைத்தால், வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும்.

தலைக்கவசத்துக்குத் தனியாகச் செலவழிப்பதற்கு முன் போட்டி விதிமுறையைப் படிக்க வேண்டும். சில தொடக்கநிலை நிகழ்ச்சிகளில் முகம் முழுவதும் மூடும், சிரிம் முத்திரை கொண்ட மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை ஏற்றுக்கொள்வார்கள். சிலவற்றில் கார்ப் பந்தயத்துக்கென்றே சான்றளிக்கப்பட்டதைக் கேட்பார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: கார்ப் பந்தயக் கவசத்தின் உட்புறம் தீயைத் தாங்க வேண்டும் என்பதும் அதன் சான்றிதழ்ச் சோதனையில் அடங்கும். பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, மெல்லிய அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி போதுமானவை. சிலிப்பர் அணிந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஓட்டுநருக்கு யார் சர்வீஸ் செய்வது?

கார் ஆயத்தம் பாதிதான். மீதிப் பாதி இருக்கையில் உட்காருபவர். பலர் காரில் சாய்ந்து, ஒரு கையை ஸ்டியரிங்கின் உச்சியில் வைத்து ஓட்டிப் பழகியவர்கள். ஆட்டோகிராஸில் அது முதல் வளைவிலேயே காட்டிக் கொடுத்துவிடும். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் விழ வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில். இருக்கைப் பட்டையை இடுப்போடு நன்றாக இறுக்கிக்கொள்ள வேண்டும். உடம்பு ஆடினால் கை ஸ்டியரிங்கைத் திருப்பாது, அதைப் பிடித்துத் தொங்கும்.

அதைவிட முக்கியம் கண். புதியவர் மூக்கின் எதிரே இருக்கும் கூம்பையே பார்ப்பார். எதைப் பார்க்கிறோமோ கார் அங்கேதான் போகும். கூம்புகள் 15 மீட்டர் இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒவ்வொரு விநாடியும் ஒரு கூம்பைக் கடக்கிறது. கண் எதிரே உள்ள கூம்பைப் பற்றி முடிவெடுக்க அப்போது நேரமே இல்லை. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பிறகு, டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதை மாதச் சம்பளம்போல் நினைத்துக்கொள்ளலாம். முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து, பிறகு திருப்பி, கார் வெளியேறும் திசையைப் பார்த்த பிறகு எண்ணெய் கொடுக்க வேண்டும். முன்சக்கர இயக்கக் கார் திரும்பாமல் நேரே வழுக்கினால், பயத்தில் ஸ்டியரிங்கை மேலும் திருப்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. செய்ய வேண்டியது நேர் எதிர்: எண்ணெய் மிதியிலிருந்து காலைச் சற்றுத் தூக்கி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். மழைநாளில் ரவுண்டபவுட்டில் உயிரைக் காப்பதும் இதே அசைவுதான்.

தடத்தை முன்கூட்டி ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், நடந்து பார்க்கலாம். இந்த நடையைப் புதியவர்கள் அரட்டையடித்தபடி ஒரு முறை முடித்துவிட்டு நிழலுக்குப் போய்விடுகிறார்கள். மூன்று முறையாவது நடக்க வேண்டும். முதல் முறை வழி தெரிய, இரண்டாம் முறை எங்கே பிரேக் போடுவது என்று பார்க்க, மூன்றாம் முறை குனிந்து, இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கண் உயரத்தில் பார்க்க. நின்றுகொண்டு பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் தடம், காருக்குள்ளிருந்து பார்த்தால் ஆரஞ்சு நிறக் காடாகத் தெரியும். இறுதியில் கண்ணை மூடி முழுத் தடத்தையும் மனத்தில் ஓட்ட முடிந்தால் ஆயத்தம் முடிந்தது.

முந்தின இரவு மாமாக் கடையில் மூன்று மணிவரை உட்காருவதைத் தவிர்க்கலாம். பகல் வெயிலில் காத்திருப்புதான் அதிகம். ஓடுவது சில நிமிடங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு நாற்காலி, மாலை மழைக்கு ஒரு குடை. பல நிகழ்ச்சிகளில் ஓட்டாத நேரத்தில் போட்டியாளர்களே தடத்தோரம் நின்று, விழுந்த கூம்பைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். அந்த வேலையை எரிச்சலோடு செய்பவர் ஏமாளி. அனுபவசாலிகள் எந்த இடத்தில் பிரேக் போடுகிறார்கள் என்பதை இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் முதல் வரிசை அதுதான்.

முதல் ஓட்டத்தில் நேரத்தைத் துரத்தாமல், கூம்பு எதையும் தள்ளாமல், வழி தவறாமல் முடிப்பதையே குறிக்கோளாக வைப்பது புத்திசாலித்தனம். கூம்பைத் தள்ளினால் நேரத்தில் தண்டம் சேரும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ விதிப்படி கூம்புக்கு 2 விநாடி. மற்ற இடங்களில் ஏற்பாட்டாளருக்கு ஏற்ப மாறும். வழி தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. வேகமாக ஓட்டிய நான்கு பேர் வழி தவறிய தடத்தில், மெதுவாக ஓட்டிய ஐந்தாமவர் முன்னுக்கு வந்துவிடுவது ஆட்டோகிராஸில் நடக்கிற காரியம். ஓட்டம் முடிந்து வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்து வைக்கக் கூடாது. சூடான பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டோ, 'பி' நிலையில் வைத்தோ, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோ நிறுத்தலாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது

சாதாரண வாகனக் காப்புறுதி, பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பேற்காது. காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பகுதியில் அது எழுத்திலேயே இருக்கும், படிப்பவர்கள் குறைவு. எனவே அம்மாவின் பெயரிலுள்ள காரை அவருக்குத் தெரியாமல் கொண்டுபோவது ஒளித்து வைக்கும் கடனுக்குச் சமம். ஆட்டோகிராஸில் மோதல் அரிது, ஏனென்றால் மோதுவதற்கு வேறு காரே இல்லை. ஆனாலும் தடத்தின் ஓரத்தில் விளக்குக் கம்பமோ திண்டோ இருந்தால், அதற்கும் தடத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஓட்டுவது, அல்லது ஓட்டாமல் திரும்புவது, போட்டியாளரின் உரிமை. மோட்டார் விளையாட்டுக்கான தேசிய அமைப்பாகிய மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் (எம்ஏஎம்) அனுமதி நிகழ்ச்சிக்கு இருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்குமா, தீயணைப்புக் கருவி எங்கே, மூன்றாம் தரப்புக் காப்புறுதி உண்டா என்பவை பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். பதில் சொல்லத் தடுமாறும் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்ட வேண்டியதில்லை.

மகளுக்கும் இதே பேச்சு பொருந்தும். 2022இல் பிரான்சில் நடந்த எஃப்ஐஏ மோட்டார் விளையாட்டுப் போட்டிகளில் ஆட்டோ ஸ்லாலோம் இடம்பெற்றபோது, ஒவ்வொரு நாட்டு அணியிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்பதே விதி. உடல் வலிமை இங்கே பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. நம் வீடுகளில் கார்ச் சாவி அண்ணனுக்கும் பின்னிருக்கை தங்கைக்கும் என்று இன்னும் இருப்பதால், ஒரு திறமை வெளிப்படாமலே போகிறது.

கடைசியில் எஞ்சுவது இடப் பிரச்சினை. ஆண்டுதோறும் காற்பந்துப் போட்டிக்கும் கலைநிகழ்ச்சிக்கும் மண்டபம் எடுக்கும் நம் இளைஞர் இயக்கங்களால், எம்ஏஎம் அங்கீகாரமுள்ள ஒரு மோட்டார் மன்றத்தோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஓர் அரங்கத்து நிறுத்துமிடத்தை எடுக்க முடியாதா? நகராண்மைக் கழக அனுமதி, போலீஸ் அனுமதி, காப்புறுதி, பயிற்சி பெற்ற மார்ஷல்கள் என்று வேலை அதிகம்தான். சத்தத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பாளர்கள் முறையிடவும் செய்வார்கள். ஷா ஆலம் அரங்கம் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுப்பப்படும் இக்காலத்தில் பெரிய தார்த் தளங்கள் குறைந்துகொண்டும் வருகின்றன. ஆனால் கப் பிரிக்ஸ் இதே சிக்கல்களைப் பட்டணம் பட்டணமாகத் தாண்டியிருக்கிறது. புதிய அரங்கங்களுக்குத் திட்டம் போடும்போதே நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியைக் கம்பமும் திண்டும் இல்லாமல் விடும்படி கேட்பதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. கேட்கும் நேரம், வரைபடம் மேசையில் இருக்கும்போதுதான்.

மாலை ஐந்து மணிக்குத் தடத்தில் கூம்புகளை அடுக்கத் தொடங்குவார்கள். புதியவர் அப்போது செய்ய வேண்டிய வேலைகள் மிச்சமிருக்கும். கூட்டிய காற்றைக் கதவுத் தூணில் உள்ள அளவுக்கு இறக்க வேண்டும். சக்கர நட்டுகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும். உதிரிச் சக்கரமும் ஜேக்கும் பின்பெட்டிக்குத் திரும்ப வேண்டும், விரிப்பு தரைக்கு. வீட்டுக்குப் போனதும் பிள்ளையாருக்குப் புது ஒட்டுநாடா. திங்கள் காலை ஆறரைக்குக் கார் வாசலில் இருக்க வேண்டும்.